ஆனித் தேதி

ஆடிக் காற்று உப்பளத்தில் அரை ஆள் வேலை செய்யும். மேற்கேயிருந்து ஈரமில்லாமல் வரும் அந்தக் காற்று பாத்தியில் தேங்கிய நீரை மேலாக நக்கிக்கொண்டே போகும். வெயில் சூடேற்றும், காற்று ஈரத்தைத் தூக்கும். இரண்டும் சேர்ந்தால் காலையில் ஆடை கட்டினாற்போல் மினுங்கிய பாத்தி, பொழுது சாயும்போது கால் வைத்தால் நறநறக்கும். அதே காற்றுதான் கண்ணில் உப்புத்தூளை அடிக்கும், குவியல்மேல் போட்ட கீற்றைப் பிடுங்கும், சில நாள் மேற்கேயிருந்து ஒரு மழையையும் இழுத்துவந்து வாரி வைத்ததைக் கரைத்துவிட்டுப் போகும். அதனால் மரக்காணத்து அளத்துக்காரர்கள் ஆடியில் எதையும் முழுதாக நம்ப மாட்டார்கள், காற்று உட்பட.

சக்கரபாணி மற்ற மாதங்களிலும் அப்படித்தான். ஒரு காலத்தில் பளபளவென்று விசிட்டிங் கார்டு நீட்டிய ஆசாமி ஒருவனை நம்பி ஒரு லாரி உப்பை ஏற்றி அனுப்பினார். லாரியும் வரவில்லை, கார்டில் போட்டிருந்த விலாசத்தில் அப்படி ஒரு ஆளும் இல்லை. அன்றிலிருந்து அச்சடித்த எதையும் அவர் நம்புவதில்லை, பஞ்சாங்கத்தைத் தவிர.

சுனாமி வந்து போனதற்கு அடுத்த ஆடியில் அவர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அலை வரப்பையெல்லாம் உடைத்துப் பாத்திகளில் சேற்றை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்து, தரையை மிதித்து இறுக்கி, மறுபடி வெள்ளை பூக்க வைப்பதற்குள் பாதிப் பருவம் ஓடிவிட்டது. தரகர்கள், "சேத்து உப்பு, கலரு மங்குது" என்று மூக்கைச் சுளித்தார்கள். அந்த நேரத்தில்தான் தம்பி பாலகுரு ஒரு வழி சொன்னான்.

பாலகுரு குயிலாப்பாளையத்தில் குடியிருந்தான். பக்கத்திலேயே ஆரோவில்காரர்கள் நடத்திய ஒரு சாமான் கடையில் வேலை. சோப்பு, ஊதுபத்தி, தேன் என்று வெளிநாடு வரைக்கும் அனுப்புகிற இடம். கையால் வாரிய கடல் உப்பையும் அந்த வரிசையில் சேர்க்கப் போகிறார்கள், தரகன் இல்லாமல் அளத்துக்காரனிடமே நேராக வாங்குவார்கள் என்றான். "எங்க அண்ணன் அளம் இருக்குது, நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன் அண்ணி" என்று சுலோசனாவிடம் போனில் சொன்னபோது அவன் குரலில் பெருமை தெரிந்தது. செய்யவேண்டியது ஒன்றுதான். கடைக்காரர்கள் புதிதாகத் திறக்கும் வெப்சைட்டில் அளத்தின் பேரைப் பதிந்து, விவரங்களைக் கொடுத்து, சம்மதம் என்று சொல்லவேண்டும். ஆவணி பிறந்த சில நாளில் பதிவு மூடிவிடும்.

சுலோசனா கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். ஆகவே கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு என்று ஆயிற்று. பாண்டிச்சேரிக் கடையில் ஆடித் தள்ளுபடி போட்டிருந்தார்கள். தள்ளுபடியைக் கைவிட சக்கரபாணிக்கு மனமில்லை. ஆனால் ஆடியில் புதுச்சாமானைத் தொடங்கி வைக்கவும் மனமில்லை. பெட்டிகள் வந்து இறங்கிய திங்கட்கிழமை, ஒயர்களைப் பூட்டிக்கொண்டிருந்த கடைக்காரப் பையன் தட்சணாமூர்த்தியிடம் அவர் கேட்டார்.

"ஏம்பா, இதுக்குள்ள தேதி இருக்குதா?"

"இருக்குதுங்க. கரெக்டா ஓடும். கரண்ட் போனாலும் உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்குது, அது ஓட்டிக்கினே இருக்கும்."

"நாம வெக்கிற தேதிதானே ஓடும்?"

"ஆமாங்க."

"அப்ப ஆனி கடைசியில ஒரு முகூர்த்தம் போச்சு பாரு, திங்கக்கிழமை. அந்தத் தேதிய வெச்சிடு. மொத பில்லு அந்தத் தேதியில அடிச்சி சாமிகிட்ட வெக்கிறேன்."

தட்சணாமூர்த்தி சுலோசனாவைப் பார்த்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தாள்.

"சார், தள்ளுபடி ஆடியில, ஓப்பனிங் ஆனியிலயா?"

"தள்ளுபடி உங்க கடையோடது. முகூர்த்தம் என்னோடது. வைய்யி."

அவன் வைத்தான். மணியை அப்படியே விட்டுவிட்டுத் தேதியை மட்டும் மூன்று வாரம் பின்னால் தள்ளினான். அன்றும் திங்கள், அந்த முகூர்த்தமும் திங்கள் என்பதால் கிழமைகூடத் தப்பவில்லை. கற்பூரம் காட்டி, முதல் பில்லில் குங்குமம் வைத்து, எல்லோரும் காபி குடித்தார்கள். தேதியைத் திருப்பி வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டரின் கீழ்மூலையில் மணி மட்டும்தான் தெரியும். அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் தேதி எட்டிப்பார்க்கும். பில்லிலோ மற்ற நாட்களில் தேதியின் இடத்தைக் காலியாக விட்டுச் சக்கரபாணி கையால் எழுதுவதுதான் வழக்கம், லாரி எந்த நாளில் கிளம்பும் என்று அவருக்கே தெரியாது என்பதால். இப்படி வீட்டில் ஆடி ஓடிக்கொண்டிருக்க, அந்தப் பெட்டிக்குள் மட்டும் ஆனி நடந்துகொண்டிருந்தது.

பதினெட்டாம் பெருக்கன்று வெப்சைட்டைத் திறந்துவிட்டார்கள் என்று பாலகுரு போன் செய்தான். அடுத்த நாளோ அதற்கு மறுநாளோ, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, சுலோசனா டெலிபோன் ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகினாள். அது கொக்கரித்து, கீச்சிட்டு, இரைந்து, கடைசியில் அமைதியானது. முதல் பக்கம் நல்லபடியாகத்தான் திறந்தது. மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு தேன் ஜாடிப் படம் வந்தது. பேரும் ரகசியச் சொல்லும் கொடுக்கிற இடத்துக்குப் போக அழுத்தியபோதுதான் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பி நடுவில் நின்றது.

அந்தப் பெட்டி என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற லாரிக்கு ஒரு பேப்பர் வேண்டும் அல்லவா, அதுபோல ரகசியம் கேட்கும் வெப்சைட்டுக்கும் ஒரு பேப்பர் உண்டு. அதற்குச் சர்டிபிகேட் என்று பேர். நம் கம்ப்யூட்டர் செக்போஸ்ட்காரன் மாதிரி அதை வாங்கி மூன்று விஷயம் பார்க்கும். பேப்பரைக் கொடுத்தவர் நம்பத்தகுந்தவரா? அது இன்று செல்லுமா? அதில் எழுதிய பேரும் லாரியில் எழுதிய பேரும் ஒன்றா? மூன்றும் சரியாக இருந்தால் வாயைத் திறக்காமல் வழி விடும். ஒன்று தப்பினாலும் மறித்து, எது சரி, எது தப்பு என்று நம்மிடம் காட்டி, "விடவா, வேண்டாமா?" என்று கேட்கும். செக்போஸ்ட்காரன் பேப்பரில் உள்ள தேதியைத் தன் தலைக்குமேல் தொங்கும் காலண்டரோடுதான் ஒப்பிடுவான். காலண்டரை யார் மாட்டியது என்று அவன் கேட்பதில்லை.

சுலோசனாவுக்கு அன்று இதெல்லாம் தெரியாது. பெட்டியில் மூன்று வரி இருந்தது. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் பக்கத்தில் பச்சை டிக். நடுவரிக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். அந்த வரியை அகராதி வைத்துக்கொண்டு படித்தாள். சர்டிபிகேட் காலாவதியாகிவிட்டது, அல்லது இன்னும் செல்லத் தொடங்கவில்லை. கண் முதல் பாதியிலேயே நின்றுவிட்டது. செல்லத் தொடங்காத பேப்பரை யாராவது லாரியில் கொண்டுவருவார்களா?

"ஏங்க, இங்க வாங்களேன்."

சக்கரபாணி அளத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருந்தது. பாதி கழுவிய காலோடு வந்து எட்டிப்பார்த்தார்.

"இன்னா சொல்லுது?"

"அவங்க சர்டிபிகேட்டு காலாவதின்னு சொல்லுது. போகட்டுமா வேணாமான்னு கேக்குது."

"காலாவதியா? நேத்து தொறந்த கடைக்கு இன்னிக்கே எப்படிக் காலாவதி ஆவும்?"

"அதான் எனக்கும் புரியலை. மத்த ரெண்டும் பச்சையாத்தான் இருக்குது."

"கூடையில மேல ரெண்டு கை உப்பு வெள்ளையாத்தான் இருக்கும். நடுவுல மண்ணு இருந்தா?"

அவள் யாஹூ மெயிலைத் திறந்து பார்த்தாள். அது தகராறு செய்யவில்லை. அதன் பேப்பர் முன்பே வாங்கியது, ஆனியிலும் செல்லும், ஆடியிலும் செல்லும். ஆனால் அந்தக் கணக்கு இருவருக்கும் தெரியாது. மற்றதெல்லாம் திறக்கிறது, தம்பி சொன்ன இடம் மட்டும் மறிக்கிறது என்பதே சக்கரபாணிக்குத் தெரிந்தது.

அவர் போனை எடுத்தார். அந்தப் பக்கம் பாலகுரு ஏதோ லோடு இறக்குவதில் இருந்தான் போலிருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல்.

"டேய், உங்க ஆளுங்க சர்டிபிகேட்டு காலாவதின்னு கம்ப்யூட்டரே சொல்லுதே, இன்னாடா இது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ண்ணா. அப்படித்தான் சில டைம் வரும். அதப் படிக்காதீங்க, யெஸ்னு இருக்குது பாருங்க, அத அடிச்சிட்டுப் போய்க்கினே இருங்க."

சுலோசனா சக்கரபாணியின் முகத்தைப் பார்த்தாள். படிக்காதே, கையெழுத்துப் போடு என்று அந்த விசிட்டிங் கார்டு ஆசாமியும் சொல்லியிருந்தான்.

"படிக்காதன்னா சொல்ற?"

"அய்ய, அதில்லண்ணா, எனக்கு இங்க லோடு இறங்குது. சாயங்காலம் பேசறேன்."

"நீ பேச வேணாம். எவனோ வெள்ளைக்காரன் கடைக்கு எங்கப்பன் அளத்த எழுதித் தரச் சொல்ற. என்னான்னு கேட்டா படிக்காதன்ற. கமிஷன் எவ்ளோடா உனக்கு?"

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு பாலகுரு மெதுவாகச் சொன்னான். "யாருகிட்ட பேசறீங்கன்னு தெரிஞ்சிதான் பேசறீங்களாண்ணா?"

"தெரியாமதான் இத்தினி நாளு இருந்தேன்."

போனை வைத்துவிட்டார். சுலோசனா சாம்பல் பெட்டியில் 'நோ' என்பதை அழுத்தினாள். அது சொன்ன பேச்சைக் கேட்டு மறைந்தது. தன் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தத் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று. ஆனால் மஞ்சள் முக்கோணத்தைப் படித்துச் சொன்னவளே அவள்தான். படித்தவள் எப்படி மாற்றிப் பேசுவது?

ஆடிக் கடைசி ஞாயிறு அந்த வீட்டில் கூழ் ஊற்றுவார்கள். அளத்தில் வேலை செய்கிறவர்களும் தெருக்காரர்களும் தூக்கும் சொம்புமாக வந்து வரிசையில் நிற்பார்கள். முதல்நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, விடிவதற்குள் நொய்யைக் குழைய வேகவைத்து, மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துழாவவேண்டும். முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் தனித்தனிச் சட்டியில். அப்பா போன பிறகு ஊற்றுகிற கை சக்கரபாணியுடையது. அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு குடத்தில் கொண்டுவந்து தருகிற கை பாலகுருவுடையது. எங்கே இருந்தாலும் அந்த ஒரு ஞாயிறு அவன் வந்துவிடுவான்.

அந்த வருஷமும் வந்தான். வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழே நின்று, "அண்ணி" என்றான். சுலோசனா, "வா தம்பி, ரேணுகா வரலையா?" என்று அவன் மனைவியைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள் சக்கரபாணியின் குரல் கேட்டது.

"முருகையா, நீ கொடத்த எடுடா."

முருகையன் லோடு ஏற்றுகிறவன். அவன் குடத்தையும் பார்த்தான், பாலகுருவையும் பார்த்தான். "சின்னவரு வந்துட்டாருங்களே."

"கொடத்த எடுன்னேன்."

பாலகுரு கையில் கொண்டுவந்திருந்த எவர்சில்வர் தூக்கோடு போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான். அவனுக்கு முன்னால் நின்ற ஆராயி, பாத்தியில் உப்பு வாருகிறவள், திரும்பிப் பார்த்து, "இன்னா சாமி, எங்க கூட வந்து நிக்கிற?" என்று சிரித்தாள்.

"இன்னிக்கு நானும் கூலிதான் ஆராயி."

"அப்ப நாளிக்கு உப்பு வார்ற பலகை எடுத்துக்கினு வா. முதுகு எப்பிடி இருக்கும்னு தெரியும்."

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷயம் கரைந்துவிடும் என்று சுலோசனா நினைத்தாள். தம்பி முன்னால் வருவான், அண்ணன் ஊற்றுவார், ஊற்றும்போது ஏதாவது திட்டுவார், அதோடு சரியாகிவிடும். ஆராயியின் சொம்பு நிறைந்தது. பாலகுரு தூக்கின் மூடியைத் திறந்து நீட்டினான்.

சக்கரபாணி குடத்தை ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். கரண்டியை அதற்குள் போட்டார்.

"தீந்துபோச்சி" என்றார்.

குடத்தில் கூழ் இருந்தது. கரண்டி உள்ளே விழுந்த சத்தமே சொன்னது. ஆராயி சொம்பைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். முருகையன் மேற்கே மேகம் பார்ப்பவன்போல் திரும்பிக்கொண்டான். பாலகுரு தூக்கின் மூடியைப் போட்டு, அது சரியாகப் பொருந்தவில்லை என்று எடுத்து, மறுபடி போட்டு அழுத்தினான்.

"வர்றேன் அண்ணி."

தெருமுனை திரும்பும்வரை அந்தத் தூக்கு அவன் தொடையில் இடித்து இடித்து டங்டங்கென்று சத்தம் கேட்டது. நிறைந்த தூக்கு அப்படிச் சத்தம் போடாது.

ஆவணி பிறந்தது. பதிவு மூடும் நாள் வந்து போனது. அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. தரகர் ஒருவர் வந்து, குவியலில் செருப்புக் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்து, தன் விலையைச் சொன்னார். சக்கரபாணி அதிகம் வாதாடவில்லை. ஆராயியும் மற்றப் பெண்களும் கூடை கூடையாகச் சுமந்து பலகை மேல் ஏறி லாரியில் கொட்டினார்கள். முந்தின நாள் மாலை பெய்த மழையில் உப்பு கனத்திருந்தது.

லாரிக்குப் பில் அடிக்க உட்கார்ந்த சுலோசனா, பில் முடிந்ததும் டெலிபோன் ஒயரைச் செருகினாள். எதற்கென்று அவளுக்கே சொல்லத் தெரியாது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப் போவதுபோல்தான். பழைய தேன் ஜாடி மெதுவாக இறங்கிவந்தது. பேர் கொடுக்கிற இடத்தை அழுத்திவிட்டு, சாம்பல் பெட்டிக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை. பக்கம் பளிச்சென்று திறந்தது. கீழ் ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் பூட்டு வந்து உட்கார்ந்தது. நடுவில் ஒரே ஒரு வரி. பதிவு முடிந்துவிட்டது.

"ஏங்க, இப்ப தொறக்குது."

சக்கரபாணி லாரிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். பார்த்தார். "சரி பண்ணியிருப்பானுங்க. நாலு பேரு நம்மள மாதிரி கேட்டிருப்பாங்க. பாத்தியா, நான் சொன்னப்ப அந்தச் சர்டிபிகேட்டு தப்பாத்தான் இருந்துச்சி." சொல்லிவிட்டுப் போனார். ஜெயித்தவர் நடை இல்லை அது.

சுலோசனாவுக்கு ஒரு குணம். தையல் மெஷின் நின்றாலும் ஆளைக் கூப்பிடுவதற்குமுன் மூடியைக் கழற்றி நூல் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கிறவள். அந்த மஞ்சள் பூட்டின்மேல் இரண்டு தட்டு தட்டினாள். ஒரு ஜன்னல் திறந்தது. யாருக்குக் கொடுத்தது, யார் கொடுத்தது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும். எல்லாம் எழுதியிருந்தது. முடிகிற தேதி அடுத்த வருஷம். தொடங்கிய தேதி ஆகஸ்டு மூன்று.

சுவர்க் காலண்டரைப் புரட்டினாள். ஆகஸ்டு மூன்று, பதினெட்டாம் பெருக்கு.

அப்படியானால் யாரும் எதையும் சரி பண்ணவில்லை. புதுப் பேப்பர் வாங்கியிருந்தால் தொடங்கும் தேதியும் புதிதாக இருக்கவேண்டும். இது அன்றைக்கு இருந்த அதே பேப்பர். சண்டை வந்தபோதும் செல்லிக்கொண்டிருந்த பேப்பர். பிறகு ஏன் செல்லாது என்றது? காலாவதி, அல்லது இன்னும் செல்லத் தொடங்கவில்லை. அன்று அவள் படித்தும் படிக்காமல் விட்ட பின்பாதி இப்போது நினைவுக்கு வந்தது. யாருக்குத் தொடங்கவில்லை? எந்தக் காலண்டரில் தொடங்கவில்லை?

அம்புக்குறியை மெதுவாகக் கீழ்மூலைக்கு இழுத்து மணியின்மேல் நிறுத்தினாள். தேதி எட்டிப்பார்த்தது. ஆகஸ்டு நான்கு.

சுவரில் ஆகஸ்டு இருபத்தைந்து.

கொஞ்சநேரம் அவள் கையை எடுக்கவே இல்லை. குங்குமம் வைத்த முதல் பில் கண்ணுக்குள் வந்தது. பெட்டி மூன்று வாரம் பின்தங்கி, ஒருநாள் விடாமல் நேர்மையாக நடந்து, நேற்றுத்தான் பதினெட்டாம் பெருக்கை எட்டியிருக்கிறது. எட்டியதும் வாயை மூடிக்கொண்டு வழி விட்டுவிட்டது. செக்போஸ்ட்காரன்மேல் தப்பில்லை. லாரிமேல் தப்பில்லை. காலண்டரை மாட்டியவர்கள் கற்பூரம் காட்டி மாட்டினார்கள்.

லாரி கிளம்பிய பிறகு அவரை உட்காரவைத்துச் சொன்னாள். ஒருமுறை சொல்லிப் புரியவில்லை. காலண்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்து விரல் வைத்துக் காட்டினாள். அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார்.

"தேதி தப்பா இருந்தா நம்மகிட்ட சொல்லணும். அவன் மேல எதுக்குப் பழி போட்டுச்சி?"

"அது பழி போடலைங்க. தேதி ஒத்துவரலைன்னுதான் சொல்லிச்சி. யாரு தேதின்னு நாமதான் பாத்திருக்கணும்."

"ஆனியில வெச்சது நல்ல நேரம்தானே."

"நல்ல நேரம்தான். அதுக்கப்புறம் திருப்பி வெக்கலை."

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். வெளியே காற்று கீற்றைப் படபடவென்று அடித்தது. "அவன் படிக்காதன்னு சொல்லாம, தேதி என்னா காட்டுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருக்கலாம். லோடு இறங்குதுன்னு சொன்னானே. சாயங்காலம் பேசறேன்னும் சொன்னான். நீங்கதான் வேணாம்னீங்க."

அவர் அந்தச் சின்னத் தேதியை மறுபடி காட்டச் சொன்னார். காட்டினாள். உதட்டை அசைத்து என்னவோ கூட்டினார்.

"இதுல இன்னும் ஆடிதான்."

"ஆமா."

"இதுல இன்னும் கூழ் ஊத்தலை."

தேதியைச் சரியாக வைக்கப் போனவள், அவர் முகத்தைப் பார்த்து, நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள்.

பாலகுருவின் செல்போன் அன்றும் மறுநாளும் அணைத்தே கிடந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சக்கரபாணி தானே போய்க் கேழ்வரகு மாவு வாங்கிவந்து அடுப்படியில் வைத்தார். "ஆவணியில கூழா? யாரு கேட்டாலும் சிரிப்பாங்க" என்று சுலோசனா சொன்னாள். "சிரிக்கட்டும்" என்றார். ஞாயிறு காலை துழாவியதும் அவர்தான். பழக்கமில்லாத கை. அங்கங்கே கட்டி தட்டியது. வீட்டில் இருந்ததிலேயே பெரிய தூக்கில் ஊற்றி, மூடிமேல் துணி கட்டி, இருவரும் பாண்டிச்சேரி பஸ் ஏறினார்கள். பெரியமுதலியார்சாவடியில் இறங்கி, செம்மண் ரோட்டில் முந்திரித் தோப்பு ஓரமாக நடந்தார்கள். தூக்கை அவளிடம் தரவில்லை.

குயிலாப்பாளையத்தில் ரேணுகா வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் குழாயை மூடினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"வாங்கக்கா. வாங்க மாமா. உக்காருங்க."

நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். குறை ஒன்றும் வைக்கவில்லை. அவன் எங்கே என்று கேட்பதற்குமுன் சுவரில் அவன் சட்டை மாட்டும் ஆணி வெறுமையாக இருப்பதைச் சுலோசனா பார்த்துவிட்டாள்.

"ஓசூருக்குப் போயிட்டாருக்கா. அங்க ஒரு கம்பெனியில தெரிஞ்சவரு இருக்காரு."

"கடை வேலை?"

"விட்டுட்டாரு. அவங்க ஒண்ணும் சொல்லலை. எங்கண்ணன் அளம், நான் பொறுப்புன்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டு, பேரே வரலைன்னதும் இவருக்கு அங்க நிக்க முடியலை. வேற ஊரு உப்பு எடுத்துக்கிட்டாங்க."

சக்கரபாணி தொண்டையைச் செருமினார். தூக்கு இன்னும் அவர் மடியில்தான் இருந்தது.

"தப்பு எங்க மேலதாம்மா. கம்ப்யூட்டர்ல தேதி... நான்தான் ஆனித் தேதி வெக்கச் சொன்னேன். அதான் அது... உங்க அக்கா கண்டுபுடிச்சா."

ரேணுகா தலையை ஆட்டினாள். ஆச்சரியப்படவில்லை.

"தேதியாத்தான் இருக்கும்னு அவரும் சொன்னாரு மாமா. போன்ல சண்டை வந்துச்சே, அன்னிக்குச் சாயங்காலமே சொன்னாரு. நான் அவசரத்துல யெஸ் அடின்னுட்டேன், அண்ணன் பயந்ததுல தப்பில்ல, போன்ல சொன்னா ஏறாது, கூழுக்குப் போறப்ப நானே உக்காந்து சரி பண்ணிட்டு வந்துடறேன்னாரு. அன்னிக்கு அதுக்குத்தான் வந்தாரு. பதிவுக்கு அப்பவும் டைம் இருந்துச்சி."

முந்திரித் தோப்பிலிருந்து காற்று வந்தது. கடல் காற்றுபோல் அதில் உப்பில்லை. சக்கரபாணி தூக்கின்மேல் கட்டிய துணியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இறுகியிருந்தது. சுலோசனா உதவப் போகவில்லை.

"கூழும்மா" என்றார். "அவனுக்கு... நீ குடி. புளிச்சாலும் ரெண்டு நாளு தாங்கும்."

"குடுங்க மாமா."

உள்ளே கொண்டுபோனாள். ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு குழாயடியில் தேங்காய் நாரால் தேய்க்கிற சத்தம். சுலோசனா அவனுடைய புது நம்பர் கேட்டாள். "அவரே பண்ணுவாருக்கா" என்றாள் ரேணுகா. முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்து இழுக்க ஒரு நுனி கிடைத்திருக்கும்.

தூக்கைத் துடைத்து, மூடி போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள். பலகாரம் கொண்டுபோன பாத்திரத்தை அந்தப் பக்கத்தில் யாரும் வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி அரிசி, ஒரு வெல்லக்கட்டி, நாலு முருங்கை இணுக்காவது போட்டுத் தருவார்கள். வாங்கும்போதே கனமில்லை என்று தெரிந்துவிட்டது. சக்கரபாணி அதைத் திறந்து பார்க்கவில்லை.

பஸ்ஸில் கூட்டம். யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். தூக்கை மடியில் நிமிர்த்தி வைத்து, மூடியின்மேல் ஒரு கையும் பக்கத்தில் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டார். கோட்டக்குப்பத்தில் ஏறிய மீன்காரி ஒருத்தி கூடையோடு அவர்பக்கம் சாய்ந்து, பஸ் குலுங்கியதும் பதறி விலகினாள்.

"பாத்து பெரியவரே, கொழம்பு கிழம்பு கொட்டிடப் போவுது."

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் சக்கரபாணி.

மரக்காணம் வரும்வரை அதைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.